ஒரு சான்றிதழ்ப் பரீட்சையும் ஓர் ஊர் வாசிகசாலையும்

கலைப்பீடத்திலே தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயிலும் ஒருத்தி, மேசைக்கணினிக்குரிய மென்பொருள்களை ஆக்குந் துறையிற் சான்றிதழ்ப் பரீட்சையொன்றுக்குத் தோற்றினாள் என்றால், கேட்போர் முதலிற் சிரிப்பர். பின்னர்க் காரணம் வினவுவர். என்னிடமும் வினவினர். விடுதித் தோழியர் வினவினர். ஊரிலே உறவினர் வினவினர். விரிவுரையாளர் ஒருவர், தொல்காப்பிய வகுப்பு முடிந்து மண்டபத்தை விட்டு வெளியே வருகையில், “எழுத்ததிகாரம் போதாதென்றா அந்த எழுத்துக்குப் போனீர்?” என்று புன்முறுவலோடு கேட்டார். அன்று அவருக்கு நான் தக்க மறுமொழி கூறவில்லை. கூறத் தெரியவில்லை என்பதே உண்மை. காலம் சற்றுக் கழிந்தபின் இப்போது அம்மறுமொழியை எழுதிப் பார்க்கிறேன்.

மறுமொழியின் முதற்பகுதி எளிது, அது வயிற்றுப்பாடு. 2017ஆம் ஆண்டில் வடக்கிலும் கிழக்கிலும் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்காக வீதியோரங்களில் அமர்ந்து போராடியதைப் பாடசாலைச் சீருடையோடு பஸ்ஸிலிருந்து பார்த்தவள் நான். அவர்களுட் பெரும்பாலோர் கலைப்பட்டதாரிகள் என்று அப்பா அன்று கூறியது மனத்திலே தங்கிவிட்டது. அப்பா பிறர் காணியைக் குத்தகைக்கு எடுத்து வெங்காயம் செய்பவர். விளைந்தால் விலை இராது. விலை இருந்தால் விளைச்சல் இராது. இத்தகைய வீட்டிலிருந்து பல்கலைக்கழகம் புகுந்த பிள்ளை, பட்டத்தோடு கையிலே வேறொரு தொழிலும் இருக்கட்டும் என்று எண்ணுவது வியப்பன்று.

இரண்டாம் பகுதி அவ்வளவு எளிதன்று. அதனைச் சொல்ல நடந்தவற்றை முறையாகக் கூறவேண்டும்.

2024ஆம் ஆண்டு மே மாதத்திலே பல்கலைக்கழகக் கல்விசாரா ஊழியரின் வேலைநிறுத்தம் தொடங்கிற்று. விரிவுரைகள் தடைப்பட்டன, நூலகம் பூட்டப்பட்டது. சில நாட்களில் முடியுமென்று காத்திருந்து சலித்து ஊருக்குப் புறப்பட்டேன். அது இரண்டு மாதங்களுக்கு மேல் நீடித்தது. ஊரிலே பெரியம்மாவின் வீட்டு அறையொன்றில், கனடாவுக்குப் போய்விட்ட அண்ணாவின் பழைய மடிக்கணினியும் தடித்த ஆங்கில நூலொன்றும் தூசி படிந்து கிடந்தன. 2011ஆம் ஆண்டு வெளிவந்த அந்நூல், மைக்ரோசொப்ட் நிறுவனம் விண்டோஸ் பிரயோக ஆக்கத்துக்கென நடத்திய 70-511 என்னும் இலக்கமுடைய பரீட்சைக்குரிய பயிற்சி நூல். ஆயிரம் புள்ளியில் எழுநூறு பெற்றாற் சித்தி என்று உள்ளே அண்ணா பென்சிலால் எழுதியிருந்தார். அவர் அப்பரீட்சைக்குத் தோற்றினாரா என்பதை நான் கேட்கவில்லை. கனடாவிலே அவர் பாரவூர்தி ஓட்டுகிறார்.

ஒரு வாரம் ஆர்வத்தோடு படித்த பின்னரே அப்பரீட்சை இப்போது உலகில் இல்லை என்பதை அறிந்தேன். அது முன்னரே நிறுத்தப்பட்டிருந்தது. அதன்பின் வந்த சான்றிதழ் வரிசைகளும் 2021ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் திகதியோடு ஓய்வுபெற்றுவிட்டன. புதிய சான்றிதழ்கள் பெரும்பாலும் முகிற் கணிமையை நோக்கித் திரும்பிவிட்டன. அன்றியும், அவ்வகைப் பரீட்சைகளுக்கு டொலரிற் கட்டணம் கட்டும் நிலையும் எமக்கில்லை. 2022ஆம் ஆண்டின் தொடக்கத்திலே ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த டொலர், அவ்வாண்டு மே மாதத்திலே 360 ரூபாய் அளவுக்கு ஏறியதை இந்நாட்டில் எவரும் மறந்திரார்.

இதனை அறிந்த அப்பா, “இல்லாத சோதினைக்கு ஏன் பிள்ளை இந்த விழுந்து விழுந்து படிப்பு?” என்றார்.

நியாயமான கேள்வி. ஆயினும் நூலை மூட மனம் வரவில்லை. நகரத்திலே தனியார் பயிற்சி நிறுவனமொன்று இதே துறையிற் சான்றிதழ்ப் பரீட்சை நடத்துவதாகவும், வகுப்புக்குச் செல்லாமலே கட்டணம் செலுத்தித் தோற்றலாம் என்றும் அறிந்தேன். அறுபது பல்தேர்வு வினாக்கள் கொண்ட எழுத்துப் பரீட்சை ஒன்று. மூன்று மணிநேரச் செய்முறைப் பரீட்சை ஒன்று. இரண்டிலும் தனித்தனியே ஐம்பது வீதம் பெறவேண்டும். கட்டணம் 25,000 ரூபாய். வெங்காயம் இன்னும் மண்ணுக்குள் இருந்தது. அம்மா தம் கையிலிருந்த காப்புச் சோடியில் ஒன்றைக் கழற்றினார். “ரெண்டும் கையில கிடந்து என்ன செய்யப்போகுது? கொண்டுபோய் அடைவு வை” என்றார். மற்றக் கையைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு அவர் அடுப்படிக்குப் போனதை நான் பார்த்தேன்.

படிப்பு தொடங்கிற்று. ஆங்கில நூலைத் தமிழ் மொழிமூலத்தாள் ஒருத்தி படிப்பதெனின், சொல்லைக் கடப்பதே முதற்றடை. ஆதலால் சி. ஆர். கொப்பியொன்றை எடுத்து, கலைச்சொற்களைத் தமிழில் எழுதி வைத்தேன். ‘இவென்ற்’ என்பதற்கு நிகழ்வு, ‘பைண்டிங்’ என்பதற்குப் பிணைப்பு, ‘திறெட்’ என்பதற்கு இழை என்று எழுதிச் சென்றபோது சில இடங்களில் வியப்புற்றேன். ‘எக்செப்சன்’ என்பதற்கு விதிவிலக்கு என்று எழுதினேன். பின்னர் அதனை வெட்டிப் புறனடை என்று எழுதினேன். விதி கூறிய இலக்கண ஆசிரியர், விதிக்குள் அடங்காதவற்றையும் முன்னறிந்து இயலின் இறுதியிலே அவற்றுக்கு இடம் வைத்தாரல்லரோ? நல்ல செய்நிரலும் அவ்வாறே, எதிர்பாராது நேர்வதற்கு முன்னரே இடம் வைத்தல் வேண்டும். ஒரு வகுப்பிலிருந்து இன்னொரு வகுப்பைப் பிறப்பித்தல் என்னும் பாடத்தைப் படித்தபோது முதனூல், வழிநூல் என்னும் பாகுபாடு நினைவுக்கு வந்தது. வழிநூல் முதனூலின் பொருள் முழுவதையும் ஏற்றுக்கொண்டு, வேண்டிய இடத்திலே தன் விகற்பத்தையும் கூறும். பிறப்பிக்கப்பட்ட வகுப்பும் அதனையே செய்கிறது. இவ்வொப்புமைகளைப் பெரிதுபடுத்தி, எல்லாம் எம்மிடம் முன்னரே இருந்தன என்று கூற நான் வரவில்லை. தெரிந்ததைப் பற்றிக்கொண்டு தெரியாததற்கு ஏறுவதே கல்வியின் இயல்பு. எனக்குத் தெரிந்தது இலக்கணம், ஆதலால் அதனைப் பற்றிக்கொண்டேன்.

சாளரத்தையுடைய செய்நிரலொன்று எவ்வாறு இயங்குகிறது என்பதை விளங்கிக்கொள்ளவே எனக்குப் பத்து நாட்கள் சென்றன. கட்டுரை தொடக்கத்திலிருந்து முடிவுக்குச் செல்லும். சாளரச் செய்நிரல் அவ்வாறு செல்வதில்லை; அது காத்திருக்கிறது. பயனர் பொத்தானை அழுத்தினால் ஒரு நிகழ்வு. விசையைத் தட்டினால் ஒரு நிகழ்வு. இவை வரிசையாக வந்து சேர, ஒவ்வொன்றாக எடுத்து உரிய பகுதிக்கு அனுப்பும் சுற்றொன்று ஓயாது சுழன்றுகொண்டிருக்கிறது. சாளரத்தை வரைவதும் பயனரின் கட்டளையைக் கேட்பதும் ஒரே இழையின் பணி. அவ்விழையின் தலையிலே நெடுநேரம் பிடிக்கும் வேலையொன்றைச் சுமத்திவிட்டால் சாளரம் உறைந்துவிடும். வாசிகசாலையில் ஒருவரே பொறுப்பாக இருந்து, அவர் பழைய பத்திரிகை ஒன்றைத் தேடிப் பின்னறைக்குப் போய்விட்டால், வாயிலில் வந்து நிற்போருக்கு மறுமொழி கூற ஆளிராதன்றோ? அது போன்றது.

இந்நோய்க்கு 2011ஆம் ஆண்டு நூல் கூறிய மருந்து பின்னணித் தொழிலாளி என்று பொருள்படும் ஒரு கூறு. 2012ஆம் ஆண்டிலே சீ-சார்ப் மொழியின் ஐந்தாம் பதிப்பு ‘அசிங்க்’, ‘அவெயிற்’ என்னும் இரு சொற்களைத் தந்து அம்மருந்தை எளிதாக்கிற்று. எனது நூலுக்கு அச்சொற்கள் தெரியா. மறுபுறத்திலே, 2006இல் வெளியான டபிள்யூபிஎஃப் என்னும் சாளர அமைப்பைப் பற்றியும், தோற்றத்தையும் செயலையும் வேறுவேறாக எழுதுதல் பற்றியும் அது கூறியவை பெரும்பாலும் இன்றும் பொருந்துகின்றன. 2018ஆம் ஆண்டு டிசெம்பரிலே அவ்வமைப்பின் மூலநிரல் எவரும் பார்க்கத் திறந்துவிடப்பட்டது. பரீட்சை மறைந்தது, பாடத்தில் ஒரு பங்கு பழையதாயிற்று, எஞ்சிய பங்கு நிலைத்தது. எது நிலைத்தது, எது போயிற்று என்று பிரித்தறிவதே நூல் கற்கும் முறை என்பதை எம் துறையில் நாம் அறிவோம். ஆயினும் பரீட்சை நெருங்க நெருங்க அந்நெறியை நான் கைவிட்டேன்.

எழுத்துப் பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கையில், முன்னர் அப்பரீட்சைக்குத் தோற்றிய தோழி ஒருத்தி வினாவிடைத் தொகுப்பொன்றை அனுப்பினாள். முந்நூற்றுக்கு மேற்பட்ட வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் விடையெழுத்து. “இதைப் பாடமாக்கு, போதும்” என்றாள். இது எமக்குப் புதியதா? கலைப்பீடத்திலே முன்னைய வருடத்தார் விட்டுச்சென்ற குறிப்புகள் கைமாறிக் கைமாறி, ஒளிப்படப் பிரதியில் எழுத்து மங்கும்வரை வாழ்வதை நாம் அறிவோம். பரீட்சைக்கு முதல்நாள் அவற்றை மனனஞ்செய்து மறுநாள் இறக்கி வைத்துவிட்டு வருவதையும் அறிவோம். அந்தப் பழக்கம் எனக்குக் கைகொடுத்தது. நூலை மூடினேன், தொகுப்பை எடுத்தேன். இருபது நாளில் முந்நூறு விடைகளும் மனப்பாடம். இது நேர்மையா என்னும் கேள்வி ஒருமுறை எழுந்தது. அம்மாவின் வெறுங்கை அக்கேள்வியை அடக்கிவிட்டது.

ஜூலை மாதத்துச் சனிக்கிழமையொன்றிலே பரீட்சை நடந்தது. எழுத்துப் பரீட்சையில் அறுபதுக்கு நாற்பத்தொன்பது பெற்றேன். பிற்பகலிற் செய்முறை. தரவுத்தளமொன்றிலுள்ள பெயர்களைச் சாளரத்திற் பட்டியலாகக் காட்டவேண்டும்; புதிய பெயரைச் சேர்க்கவும் பழையதை நீக்கவும் வசதி செய்யவேண்டும். சாளரம் தோன்றிற்று, பெயர்கள் வரிசையாக நின்றன, எனக்கு மகிழ்ச்சி. புதிய பெயரொன்றைத் தட்டிச் ‘சேர்’ என்னும் பொத்தானை அழுத்தினேன். பட்டியல் அசையவில்லை. மீண்டும் அழுத்தினேன். அசையவில்லை. சாளரத்தை மூடித் திறந்தால் அப்பெயர் இருமுறை நின்றது! தரவுத்தளத்துக்குப் பெயர் போகிறது. திரைக்கு அச்செய்தி வரவில்லை. எஞ்சிய நாற்பது நிமிடமும் அதனோடு போராடினேன். செய்முறையில் நூற்றுக்கு முப்பத்துநான்கு. சித்தியில்லை.

வீடு திரும்பும் பஸ்ஸிலே காரணம் புலப்பட்டது. சாதாரணப் பட்டியலொன்றைத் திரையோடு பிணைத்தால், பின்னர் அதிற் சேரும் பொருளைப் பற்றித் திரைக்கு அறிவிப்பார் எவருமிலர். மாற்றம் நேரும்போதெல்லாம் தானே அறிவிக்கும் தொகுதியொன்று உண்டு. அதனைப் பிணைத்திருக்க வேண்டும். ஒரு சொல்லை மாற்றினாற் போதும். கொடுமை யாதெனில், அதே செய்தி தொகுப்பில் முப்பத்தேழாம் வினா. அதன் விடை ‘ஆ’ என்பது எனக்கு மனப்பாடம். காலையிலே எழுத்துப் பரீட்சையில் ஏறத்தாழ அதே வினாவுக்குச் சரியான விடையை அடையாளமிட்டவளும் நானே. பிற்பகலில் அதே அறிவு வேண்டப்பட்டபோது என்னிடம் இருந்தது ‘ஆ’ என்னும் எழுத்து மாத்திரமே.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அம்மா, “அடுத்தமுறை பாப்பம்” என்றார். வேலைநிறுத்தம் முடிந்து நான் பேராதனைக்குத் திரும்பினேன்.

கதை இவ்வளவில் முடிந்திருக்கக்கூடும். டிசெம்பர் விடுமுறையில் ஊருக்கு வந்தபோது வாசிகசாலைப் பொறுப்பாளரான மாஸ்ரர் என்னை அழைத்தார். ஓய்வுபெற்ற ஆசிரியர், எனக்கும் ஐந்தாம் வகுப்பிலே தமிழ் படிப்பித்தவர். வாசிகசாலையிலே ஏறத்தாழ நாலாயிரம் நூல்கள் உள்ளன. அவற்றின் பட்டியல் மூன்று தடித்த கொப்பிகளில் மாஸ்ரரின் கையெழுத்தில் இருந்தது. முதற்கொப்பியின் பெயர்களைச் சில ஆண்டுகளுக்கு முன்னர் இளைஞர் சிலர் பாமினி எழுத்துருவிலே தட்டச்சுச் செய்து வைத்திருந்தனர். எஞ்சிய இரண்டும் கரையானுக்கு அஞ்சி அலுமாரியில் இருந்தன. “கொம்பியூட்டர் சோதினைக்குப் படிச்ச பிள்ளையெல்லோ, இதுக்கு ஒரு வழி பண்ணித்தாருமன்” என்றார். சோதினையில் நான் தவறியதை அவர் அறிவார். அதைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை.

பட்டியலின் மீது அவர் கொண்டிருந்த பற்றுக்குக் காரணம் உண்டு. 1981ஆம் ஆண்டு ஜூன் மாதத் தொடக்கத்திலே யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிக்கப்பட்டபோது, அவர் அங்கு நாடோறும் சென்று படித்த இளைஞர். “புத்தகம் எரிஞ்சா ஒருநாள் திருப்பி வாங்கலாம், பிள்ளை. என்ன இருந்தது எண்டே தெரியாமப் போனா என்னத்தை வாங்கிறது?” என்று அன்று கூறினார். அச்சொற்களைக் கேட்டபின் நான் எழுதத் தொடங்கிய செய்நிரல் பரீட்சைக்குரிய பயிற்சியாக இருக்கவில்லை.

இலவசமாகக் கிடைக்கும் விசுவல் ஸ்ரூடியோவின் சமூகப் பதிப்பையும், ஒரே கோப்பில் அடங்கிவிடும் எஸ்கியூலைட் என்னும் தரவுத்தளத்தையும் கொண்டு வேலையைத் தொடங்கினேன். இம்முறை பட்டியல் அசைந்தது. ஏன் அசைகிறது என்பதும் தெரிந்திருந்தது. இரண்டு வாரத்தில் ஆயிரம் நூல்கள் உள்ளே சென்றன. பெருமிதத்தோடு மாஸ்ரரை அழைத்துத் திரையைக் காட்டினேன். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு சற்று நேரம் பார்த்தார். “கவிதை ஏன் பிள்ளை கழகத்துக்குக் கீழ நிக்குது?” என்றார்.

பார்த்தேன். கனவு, கற்பு, கலை, களம், கழகம், கவிதை என்னும் ஒழுங்கிலே தலைப்புகள் நின்றன. எம் நெடுங்கணக்கின்படி கலை, கவிதை, கழகம், களம், கற்பு, கனவு என்றன்றோ நிற்றல் வேண்டும்? காரணத்தைத் தேடினேன். ஒருங்குறியிலே தமிழுக்கென 128 இடங்கள் கொண்ட பகுதியொன்று ஒதுக்கப்பட்டுள்ளது. அதில் எழுத்துகள் நிற்கும் வரிசை பிற இந்திய மொழிகளின் வரிசையை ஒட்டி அமைந்தது. ஆதலால் நகரத்தை அடுத்து னகரமும், ரகரத்தை அடுத்து றகரமும், வகரத்துக்கு முன்னரே ளகரமும் ழகரமும் வந்துவிடுகின்றன. எஸ்கியூலைட் வேறு கட்டளை கொடுக்காவிடில் அவ்வெண்களைக் கொண்டே வரிசைப்படுத்தும். பரிகாரம் உண்டு. ஒப்பிடும்போது இன்ன மொழியின் மரபுப்படி ஒப்பிடு என்று கூறிவிட்டால் நெடுங்கணக்கு ஒழுங்கு கிடைக்கும். அவ்வாறு கூறுவதற்குரிய வகுப்பின் பெயரே பண்பாடு பற்றிய தகவல் என்று பொருள்படுவது. எனது நூலிலும் அது ஓரிடத்தில் வந்தது. தொகுப்பிலும் ஒரு வினாவாக வந்தது. திகதியும் நாணயமும் நாட்டுக்கு நாடு வேறுபடும் என்பதற்கு மேலாக அதிலே ஏதுமிருப்பதாக நான் அன்று எண்ணவில்லை.

வரிசை சீரானதும் தேடல் சீர்கெட்டது. ‘கொ’ என்று தொடங்கும் தலைப்புகளைத் தேடினால், இளைஞர் தட்டச்சுச் செய்தவை அகப்படவில்லை. நான் தட்டச்சுச் செய்தவை மாத்திரமே அகப்பட்டன. திரையிலே இரண்டும் ஒன்றுபோலவே தோன்றின. குற்றம் என்னுடையது. பாமினியை ஒருங்குறிக்கு மாற்ற நானே எழுதிய சிறு மாற்றி, கொம்பையும் அரவையும் வெவ்வேறாக விட்டிருந்தது. நேரே தட்டும்போதோ அவ்விரண்டும் சேர்ந்த ஒரே குறி பதிவாகிறது. கண்ணுக்கு ஒரே எழுத்து. கணினிக்கு ஒன்று இரண்டு குறிகள், மற்றது மூன்று குறிகள். சொற்களை இயல்பு வடிவத்துக்குக் கொணரும் ஆணையொன்றால் இக்குறை தீர்ந்தது.

இவ்விடத்திலே நாம் வகுப்பிற் படித்த பதிப்பு வரலாறு எனக்குப் புது ஒளியோடு தோன்றிற்று. ஏட்டுச் சுவடிகளில் மெய்க்குப் புள்ளியிடும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. அரவுக்கும் ரகரத்துக்கும் ஒரே வடிவம். எகர ஏகாரங்களுக்கும் வேறுபாடில்லை. கலித்தொகையை 1887ஆம் ஆண்டிலே பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை போன்றோர், ஒரே வடிவத்துள் மறைந்துநின்ற இரு எழுத்துகளைப் பொருள் நோக்கிப் பிரித்தெடுத்தனர். கணினியிலோ, ஒரே எழுத்து இரு வேறு உள்வடிவங்களில் ஒளிந்து நிற்கிறது. அவர்கள் ஒன்றை இரண்டாகப் பிரித்தனர். நாம் இரண்டை ஒன்றாக்க வேண்டியுள்ளது. இரண்டுக்கும் வேண்டப்படுவது எழுத்தென்றால் என்ன என்னும் தெளிவு. ‘யாழ்ப்பாணம்’ என்னும் சொல்லில் எத்தனை எழுத்து என்று பாலர் வகுப்புப் பிள்ளையைக் கேட்டால் ஆறு என்று கூறும். கணினியைக் கேட்டால் பதினொன்று என்று கூறும். ஏனெனில் அது புள்ளியையும் அரவையும் தனித்தனியே எண்ணுகிறது. உயிர்மெய்யை ஓரெழுத்தாகக் கொள்ளென்று நாம் கற்பித்தால் அதுவும் ஆறு என்று கூறும். கற்பிப்பதற்கு முதலில் நமக்கு அது தெரிந்திருத்தல் வேண்டும்.

2025ஆம் ஆண்டு ஏப்ரல் விடுமுறையிலே மீண்டும் அப்பரீட்சைக்குத் தோற்றினேன். கட்டணம் மகாபொலப் பணத்திற் சேமித்தது. தொகுப்பை நான் திறக்கவில்லை. தோழியிடம் காரணத்தையும் சொன்னேன். அவள் சற்று மனத்தாங்கல் கொண்டாள் என்பதையும் மறைக்கவேண்டியதில்லை. எழுத்துப் பரீட்சையில் அறுபதுக்கு நாற்பத்துநான்கு. முதன்முறையிலும் ஐந்து குறைவு. செய்முறையில் நூற்றுக்கு எண்பத்தொன்று. சித்தி. காப்பை அதற்கு முன்னரே அப்பா வெங்காயம் விற்ற காசிலே மீட்டுவிட்டார். ஆதலால் என் சித்தியால் அது மீண்டது என்று பெருமை பேச எனக்கு இடமில்லை.

இச்சான்றிதழ் எனக்கு வேலை பெற்றுத் தருமா என்பது தெரியாது. அண்ணாவின் பரீட்சை மறைந்ததுபோல இதுவும் ஒருநாள் மறையும். மனனஞ்செய்த விடைகள் பரீட்சையோடு மறைந்துவிடுகின்றன என்பதும், ஒரு வேலைக்காகக் கற்றவை அவ்வேலை உள்ளவரை நிற்கின்றன என்பதும் நான் 25,000 ரூபாய் கொடுத்து அறிந்த உண்மைகள். தமிழ்த்துறைப் பரீட்சைகளுக்கும் இவ்வுண்மை பொருந்தாதா என்பதை நாம் ஒவ்வொருவரும் நம் குறிப்புக் கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு எண்ணிப் பார்க்கலாம். பேராசிரியர்களும் எண்ணிப் பார்க்கலாம். முப்பத்தேழாம் வினாவுக்கு ‘ஆ’ என்று எழுதியவளுக்கும் முழுப்புள்ளி வழங்கும் வினாத்தாளை ஆக்குவோர் அவர்களே.

இன்னுமொன்று. எமது சங்கத்திலே யாப்பும் இலக்கணமும் அறிந்தோர் பலர் உளர். சற்றுத் தொலைவிலே பொறியியற் பீடத்தில் செய்நிரல் எழுதவல்ல தமிழ் மாணவர் பலர் உளர். ஆண்டுக்கொருமுறை கலைவிழாவில் மாத்திரமே இரு சாராரும் சந்திக்கின்றனர். ஓர் ஊர் வாசிகசாலையின் பட்டியலுக்கே இத்தனை இலக்கணம் வேண்டப்படுமாயின், நம் மொழியில் ஆகவேண்டிய பெரும்பணிகளுக்கு எவ்வளவு வேண்டப்படும்? இரு சாராரும் ஒரு மேசையில் அமர்வதற்குச் சங்கம் வழிசெய்யுமாயின் நன்று.

சென்ற வாரம் மாஸ்ரர் தொலைபேசியில் அழைத்தார். நாலாயிரம் நூல்களும் ஏறி முடிந்த செய்தியைக் கூறுவார் என்று எதிர்பார்த்தேன். “பிள்ளை, ஔவையார் ரெண்டு இடத்தில நிக்கிறா” என்றார். எவரோ ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டி ஔகாரமாக்கியிருக்கின்றனர். இதற்கு இயல்பாக்கும் ஆணை உதவாது. அந்த இரு குறிகளும் உண்மையாகவே இரு வேறு எழுத்துகள். கண்ட இடமெல்லாம் மாற்று என்றாலோ ‘ஒளவை’யோடு ‘ஒளடதம்’ திருந்தும். ‘ஒளி’யும் ‘ஒளவியம்’ போன்றதே என்று எண்ணி அதனையும் கெடுத்துவிடும். எந்தச் சொல்லில் அது ஔ, எந்தச் சொல்லில் அது ஒகரமும் ளகரமும் என்பதைச் சொல்லறிந்த ஒருவரே கூறவேண்டும். என் பரீட்சை வினாக்களில் இது வரவில்லை.

“ரெண்டு கிழமை பொறுங்கோ சேர், லீவில வந்து பாக்கிறன்” என்றேன். விரிவுரையாளருக்கு நான் கூறவேண்டியிருந்த மறுமொழியும் அதனுள் அடங்கும் என்று எண்ணுகிறேன்.